‘விருப்பமில்லை’ என்று எழுதிய கட்டம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க, மாத அறிக்கையில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் தாராளமாக நிரப்பினேன். ‘ஆலோசனைக்கு விருப்பமில்லை’ என்பது அந்தக் கட்டத்தின் தலைப்பு. ராஜபாளையத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் எனக்கு மனநல ஆலோசகர் வேலை. கூப்பிட்டோம், வரவில்லை, எழுதிவிட்டோம். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கொடுத்த அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. வாசலில் ‘மனநல ஆலோசனை’ என்று பெரிய பலகை. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்பது விதி; அதற்காகக் கதவு, கதவுக்கு ஒரு திரை. விதியில் தவறில்லை. ஆனால் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே போவதை, மாத்திரை வரிசையில் நிற்கும் ஊரே பார்க்கும். விதி எழுதியவருக்கு அது தோன்றவில்லை, சரி. பிறந்து வளர்ந்தது இதே ஊர், எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமைகளில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுப்பார்கள். அந்த வரிசைக்கு மாதம் தவறாமல் ஒரு அக்கா வருவார். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ எல்லையில். இவர் மகளை வைத்துக்கொண்டு, பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்கவே இல்லை. “ஒழுங்காத் தூங்குதாகளா என்னன்னு நீங்க கேட்டுப் பாருங்க மேடம்” என்றார் நர்ஸ்.

கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதுதான் விஷயம். வரிசைக்கு நடுவே போய் நின்று, நல்ல சத்தமாக, “அக்கா, மாத்திரை வாங்கிட்டு நம்ம ரூமுக்கு வாங்க. மனசு விட்டுப் பேசுவோம்” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். வரிசை மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது.

“எனக்கென்ன கேடு? நான் நல்லாத்தான இருக்கேன்” என்றவர், மாத்திரைகூட வாங்காமல் விறுவிறுவென்று போய்விட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அறைக்குப் போய் ‘விருப்பமில்லை’ என்று அழுத்தி எழுதினேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. அதிகாரி என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, “யாருக்கும் விருப்பமில்லேன்னா அங்க ஒரு ஆள் எதுக்கும்மா? தேவைப்படுற இடத்துக்கு மாத்திரலாமா?” என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார், அதனால்தான் சுருக்கென்றது. அவர் கையில் இருந்தது என் தாள். இந்த ஊரில் யாருக்கும் மனக்கஷ்டமே கிடையாது என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்தானே.

திரும்பி வரும் பஸ்ஸில், கூட்டத்துக்கு என்னோடு வந்திருந்த நர்ஸிடம் அந்த அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

“அவிய மகளுக்கு மாப்பிள்ளை பாக்காக மேடம். நீங்க கூப்புட்ட அன்னைக்கே, பொண்ணோட அம்மாவுக்கு மூளை சரியில்லையாம்னு தெருவுல பேச்சாயிருச்சு. பொறவு எப்படி வருவாக?”

அவ்வளவு பிரஷரோடு ஒரு பெண் மாத்திரை இல்லாமல் இருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் அதற்குக் காரணம் நான்.

மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போகலாம். ஆனால் நான் தனியாகப் போய் அவர் வாசலில் நின்றால், தெருவின் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது மாதிரி ஆகிவிடும். அதனால் நர்ஸும் நானும் பிரஷர் பார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து தொடங்கினோம். ஒரு வீட்டையும் விடவில்லை. அவர் வாசலை அடைவதற்குள் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. ஆனால் அக்கம்பக்கம் எல்லாரும் கையை நீட்டியாகிவிட்டது. அவர் மட்டும் எப்படி மறுப்பார்?

வீட்டுக்குள் உட்காரவைத்து, அவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, “தப்பு என் மேலதான்க்கா” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. மெஷினில் எண் ஏகத்துக்கு ஏறி நின்றது. பட்டையைக் கழற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“செத்த நேரம் இருக்கட்டும்” என்றார். கண்ணை மெஷினிலிருந்து எடுக்காமலே பேசினார். “போன் அடிச்சா எடுக்கப் பயமா இருக்கு. அடிக்கலேன்னா அதவிடப் பயமா இருக்கு. நான் தூங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா?”

வெளியிலிருந்து ஒரு குரல், “எம்புட்டு இருக்கு மேடம்?” என்றது.

“கொஞ்சம் கூட இருக்கு. மறுபடி பாக்கணும்” என்றேன். அது பொய்யில்லை. மூன்று தடவை பார்த்தோம். பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது. அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். கிளம்பும்போது நர்ஸ் மாத்திரையைக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் அதிகாரியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். “இத எந்தக் கட்டத்துலம்மா போடுறது?” என்றார். இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பலகையைக் கழற்ற அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. மாற்றல் உத்தரவும் இதுவரை வரவில்லை. இப்போது மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே ஒரு மேஜையும் மெஷினும் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அக்கா வரிசையில் நின்றார். நர்ஸ் பிரஷர் பார்த்து, மாத்திரையும் கொடுத்தாயிற்று. அக்கா நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார்.

“இப்பத்தான அங்க பாத்தாக?” என்றார் பின்னால் நின்ற பெண்.

“இவிய மெஷின்லதான் எனக்குச் சரியாக் காட்டுது” என்றார் அக்கா.