மனைவியின் பியானோவில் கை வைத்தேன்

மனைவியின் பியானோவில் ஒரு கட்டை மட்டும் சுருதி இறங்கிக் கிடந்தது. இன்று அவள் வாசலுக்குப் போன நேரம் பார்த்து நானே திருத்த இறங்கினேன்.

சுருதி காட்டும் ஆப்பை ஃபோனில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கம்பியை முறுக்கினேன். முள் நடுவுக்கு வந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியே விட்டேன்.

பிறகுதான் கவனித்தேன், என் விரல் கட்டையில் இல்லவே இல்லை!

வாசலில், தெருத்தெருவாக ரொட்டி விற்கும் பாண் ஓட்டோவின் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. ஃபோன் இவ்வளவு நேரமும் கேட்டது அந்தப் பாட்டை. நான் முறுக்கியதோ அவளுடைய கம்பியை.

பாட்டு நின்றது. கட்டையைத் தட்டினேன். வால் மிதிபட்ட பூனை மாதிரிக் கத்தியது.

"என்ன சத்தம் அது?" வாசலில் பாண் வாங்கிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"பாண் ஓட்டோதான்!" என்றேன்.

"பாட்ட நான் அப்பயே நிப்பாட்டிட்டன் காக்கா," என்றார் பாண்காரர்.

கல்முனைப் பக்கம் பியானோ திருத்துகிறவர்கள் இருந்தால் உடனே சொல்லுங்கள். மனைவியின் தீர்ப்பு: இன்று என் பாணுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் இல்லையாம்.