நெருப்பு வைக்காத பதினாறு நாள்

எங்கள் வீட்டுப் பெல்லட் ஸ்டவ்வை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லையென்று என்னைத் தேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள். ஆனால் அன்று அந்த அறையில் அவர்கள் இருக்கவில்லை.

ஊரை விட்டு வந்து குடியேறிய இல்ஃபோர்டில் ஒரு பழைய வரிசை வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, கலியாணம் முறிந்து பெட்டியோடு திரும்பி வந்த நான். அம்மாவுக்கு நெடுங்காலமாக நுரையீரலில் கோளாறு. படியேறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குவார். ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் டாக்டர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுவார்: வீடு சூடாக இருக்க வேண்டும், இவருக்குக் குளிர் பட்டால் அது வெறும் தடிமனோடு நிற்காது. வேறு எந்த டாக்டர் சொன்னதையும் அப்பா கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டார்.

ஒரு மார்கழியில், வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த எங்கள் கேஸ் பாய்லர் செத்துப்போனது. புத்தியுள்ளவன் புது பாய்லர் போட்டிருப்பான். அப்பா ஜெர்மனியில் ஒரு சிநேகிதர் வீட்டில் பெல்லட் ஸ்டவ்வைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மரத்தூளை இறுக்கி, விரல் நுனியளவு குச்சிகளாக ஆக்கி, மூட்டையில் கட்டி விற்கிறார்கள். அதை ஸ்டவ்வின் தலையிலுள்ள தொட்டியில் கொட்டினால், உள்ளேயிருக்கும் திருகாணி கொஞ்சங்கொஞ்சமாகத் தள்ளிக்கொடுக்க, அது தானே பற்றி எரியும். புகை குழாய் வழியாக வெளியே போய்விடும், சூடு மட்டும் வீட்டுக்குள் வரும். "இனி கேஸ்காரனுக்கு நான் அழ மாட்டன்" என்று அறிவித்துவிட்டு, அப்பா அதை முன்னறையில் பூட்டுவித்தார். பாய்லரின் சூட்டை அறைகளுக்குக் கொடுத்த பழைய ரேடியேட்டர்கள் சுவரில் அப்படியே இருந்தன, ஈரத் துவாய் போடுவதற்கு. குளிக்கிற தண்ணீருக்குக் கரண்ட் ஹீட்டர். வீட்டைச் சூடாக்க அந்த ஒரு ஸ்டவ்தான்.

வேலை முழுக்க என் தலையில். அப்பாவுக்கு முழங்கால் ஏலாது. மூட்டைகள் லொறியில் வந்து வாசலில் இறங்கும். மழை வருவதற்கு முன்பு ஒவ்வொன்றாகப் பின்வளவு ஷெட்டுக்குத் தூக்கிப்போட வேண்டும், ஏனென்றால் ஈரம் பட்ட பெல்லட் ஊறி, உடைந்து, மா மாதிரிப் போய்விடும், திருகாணியில் போய் இறுகிக்கொள்ளும். கிழமைக்கு ஒரு முறை சாம்பல் அள்ள வேண்டும். எரிகிற கிண்ணத்தின் துளைகளில் கட்டிபிடித்திருப்பதைக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். நான் இதையெல்லாம் செய்து முடித்து மூக்குக்குள் கரியோடு நிமிரும்போது, அப்பா கதிரையில் இருந்தபடி, "வடிவாய் எரியுது, பாத்தியே" என்பார், தானே மூட்டியதைப் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உண்மையில் அது வடிவாகத்தான் எரிந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மஞ்சளாய் ஒரு நெருப்பு, நாள் முழுக்க. அம்மா அதற்கு முன்னால் கம்பளிச் சால்வையை இறக்கிவிட்டு இருப்பார். இரண்டு குளிர்காலம் அவருக்கு இருமலே இல்லை. இதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பா தை மாதத்தில் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் விழுந்தார். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றார்கள். மத்தியானத்துக்குள் எங்கள் வாசலில் சப்பாத்துகள் நிரம்பிவிட்டன. நான் அழவில்லை. பிளாஸ்க் எங்கே, பாய் எங்கே, யாருக்குச் சொல்லவில்லை என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரிலிருந்து மாமி வந்தார், அப்பாவின் தங்கை. வாசலிலிருந்தே குரல் எடுத்து அழுதுகொண்டு வந்தவர் முன்னறைக்குள் கால் வைத்ததும் நின்றார். அழுகையும் நின்றது. ஸ்டவ்வின் கண்ணாடிக்குள் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

"என்ன இது? பிரேதம் எரியமுதல் வீட்டிலை நெருப்பு எரியுதோ? ஆரடி இதை மூட்டினது?"

அன்று காலையில் எழும்பிப் பொத்தானை அழுத்தி மூட்டியவர் அப்பாதான்.

செத்தவீட்டில் நெருப்பு மூட்டுவதில்லை என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். உடலைக் கொண்டுபோய்த் தகனம் செய்யும்வரை அந்த வீட்டில் உலை வைப்பதில்லை, சாப்பாடு சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரும். கேஸ் பாய்லர் இருந்திருந்தால் மாமி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார். அதற்குள்ளும் நெருப்புத்தான், ஆனால் அது பெட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாமல், யாரையும் உறுத்தாமல் எரியும். இது கண்ணாடி போட்ட நெருப்பு. முன்னறையின் நடுவில், அழ வந்தவர்கள் எல்லோருடைய முகத்துக்கும் முன்னால்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சோபாவின் மூலையில் ஒடுங்கிப்போய் இருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "நிப்பாட்டு பிள்ளை" என்றார்.

நான் பொத்தானை அழுத்தினேன். நெருப்பு சிறுத்து, நீலமாகி, போய்விட்டது. விசிறி மட்டும் கொஞ்ச நேரம் ஓடி அடங்கியது. அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால் வெட்கத்தோடு சொல்லுகிறேன்: நிம்மதி. இனிக் கொஞ்ச நாளைக்கு மூட்டை தூக்கத் தேவையில்லை, சாம்பல் அள்ளத் தேவையில்லை. அப்பா செத்து நாலு மணித்தியாலம்.

ஊரில் காலையில் செத்தால் பின்னேரம் எரித்துவிடுவார்கள். மிஞ்சினால் அடுத்த நாள். நெருப்பில்லாமல் ஒரு பகல் இருப்பது பெரிய காரியமில்லை, அதுவும் அந்த வெயிலில். இங்கே மரண விசாரணை அலுவலகம் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், சுடலையில் நேரம் எடுக்க வேண்டும். அடுத்த நாள் இறுதிச் சடங்குக்காரர் தொலைபேசியில் பணிவான குரலில் சொன்னார், குளிர்காலத்தில் எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது, கிடைக்கிற நாள் பதினாறாவது நாள். நான் திகதியை எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தத் திகதியையும் அணைந்து கிடந்த ஸ்டவ்வையும் சேர்த்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வழக்கத்தைக் கவனமாகக் கொண்டு வந்திருந்தோம். அது ஒரு பகலுக்கு என்று அளந்து வைத்த வழக்கம் என்பதை மறந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் வீட்டுக்குள் மூச்சு புகையாகத் தெரிந்தது. நான் கடைக்குப் போய் கரண்டில் சூடாகிற இரண்டு எண்ணெய் ஹீட்டர்கள் வாங்கி வந்தேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டு, தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலையும் போட்டால் பியூஸ் விழுந்து வீடு இருட்டாகும். ஒன்றை அம்மாவின் காலடியில் வைத்தேன். ஆனால் செத்தவீட்டுக் கதவு எங்கே மூடியிருக்கும்? ஒருவர் போக ஒருவர் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமலே இருந்து, "என்ன குளிர்" என்று ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிவிட்டு, இடியப்பப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா நான்கு போர்வைக்குள் இருந்தார். கோலியர்ஸ் வுட்டில் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருங்கோ என்று கேட்டுப் பார்த்தேன். "செத்தவீட்டை விட்டிட்டு நான் எங்கை போறது?" என்றார்.

ஆறாம் நாள் அம்மாவுக்கு இருமல் தொடங்கியது. அந்த இருமலை எனக்குத் தெரியும். அது தொண்டையிலிருந்து வருகிறதில்லை.

எட்டாம் நாள் பின்னேரம் நான் ஸ்டவ்வுக்கு முன்னால் போய்க் குந்தினேன். அறையில் அம்மாவும், ஆறுதல் சொல்ல வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். கதவைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தேன். அப்பா மூட்டிய கடைசி நெருப்பின் சாம்பல் அப்படியே கிடந்தது. அதைத் துப்புரவாக்க வேண்டும், ஷெட்டிலிருந்து மூட்டை எடுக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், பத்து நிமிடத்தில் பற்றும். அவ்வளவுதான்.

"அம்மா, மூட்டட்டோ?" என்று கேட்டேன்.

அந்த இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவர் அங்கை ஐஸ் பெட்டிக்கை கிடக்கிறார். நான் இஞ்சை நெருப்புக் காயிறதோ? வேண்டாம் பிள்ளை."

பெண்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைப் போல ஒரு பெண்சாதி கிடைக்க அப்பா கொடுத்துவைத்தவர் என்று சொன்னார். நான் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். சரி, நான் கேட்டுவிட்டேன், அவர்தான் வேண்டாம் என்றுவிட்டார் என்று எனக்குள் ஒரு கணக்குத் தீர்ந்தது. மழையில் ஷெட்டுக்குப் போகத் தேவையில்லை என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பதினோராம் நாள் காலையில் அம்மாவின் உதடு நீலமாக இருந்தது. அம்மா என்று கூப்பிட்டால் கண் திறந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அதே அம்புலன்ஸ், அதே ஆஸ்பத்திரி. நிமோனியா இரண்டு பக்கமும். வந்த டாக்டர், இளம்பெண், வீட்டில் ஹீட்டிங் இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் எழுதினாள். மாமி ஆஸ்பத்திரி நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னனான் பிள்ளை, இவ்வளவு நாள் எண்டு ஆர் கண்டது" என்று குழறினார். அவர் மேல் கோபப்படலாம் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

அப்பாவைத் தகனம் செய்த அன்று அம்மா வரவில்லை. மூக்கிலும் வாயிலும் முகமூடியோடு கட்டிலில் கிடந்தார். ஒரு தாதி தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ள, பெட்டி திரைக்குப் பின்னால் போவதை அதில் பார்த்தாராம். எவ்வளவு கண்டார், எவ்வளவு விளங்கியது என்று அந்தத் தாதிக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமி, "இனி மூட்டலாம்" என்றார். மூட்டினேன். வீடு சூடாகியது. அந்தச் சூட்டில் இருக்க அம்மா இல்லை.

அம்மா ஐந்து கிழமை கழித்து வீட்டுக்கு வந்தார், ஆனால் தனியாக மூச்சுவிடுகிற ஆளாக வரவில்லை. முன்னறையில் ஒட்சிசன் இயந்திரம் ஒன்று, அதிலிருந்து நீண்ட குழாய், குழாயின் மறுமுனை அம்மாவின் மூக்கில். அதைப் பூட்ட வந்த மனிதர் தேநீர் குடித்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். ஸ்டவ்வைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். ஒட்சிசன் ஓடுகிற இடத்தில் நெருப்புக் கூடவே கூடாது, இந்த நெருப்பு இனி இந்த வீட்டில் எரியக் கூடாது என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இவர் இருக்கும்வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

புது பாய்லர் போட்டோம். ரேடியேட்டர்களிலிருந்து துவாய்களை எடுத்தோம். வீடு இப்போது மேலும் கீழும் ஒரே சீராகச் சூடாக இருக்கிறது, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத சூடு. அம்மா பழைய பழக்கத்தில் கதிரையை ஸ்டவ்வின் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பங்குனியில் ஒரு பின்னேரம் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருவர் மட்டும்தான். திடீரென்று, "அண்டைக்கு நீ அதை மூட்டியிருக்கலாம்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. இத்தனை நாள் எனக்குள் சொல்லிப் பழகி வைத்திருந்த பதிலை எடுத்தேன். "நான் கேட்டனான்தானே அம்மா. நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள்."

"ஓம், சொன்னனான்." இரண்டு மூச்சு எடுத்தார். "புருஷன் செத்து எட்டு நாள். வேத்துச் சனத்துக்கு முன்னாலை நெருப்பை மூட்டு எண்டு நான் என்ரை வாயாலை சொல்லுறதோ? அவையள் போனாப்பிறகு நீ மூட்டுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அடுத்த நாளும் பாத்தன்."

அவர் குரலில் கோபமில்லை. வாயைத் திறந்தார், அடுத்த கரண்டிக்கு. நான் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.