பிலவேந்திரனின் இடது கால்

பிலவேந்திரன் இறந்து நாற்பது நாள் ஆகிறது. வயது ஐம்பத்து நான்கு. ஊர் செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம். தொழில் தார் போடுவது. ஊர்ச் சாலை அல்ல. ஓட்டல், கல்யாண மண்டபம், வண்டி விற்கிற ஷோரூம் இவற்றின் முன்னால் கார் நிறுத்த முதலாளிகள் போட்டுக்கொள்கிற தார்த் தரை. வேலை பெரும்பாலும் மரக்காணம் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும். செஞ்சியிலிருந்து ஒரு டெம்போவில் பன்னிரண்டு பேர் போய் வருவார்கள்.

கடலோரத்தில் தார் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கல் பரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கி வைத்த தரையில் பனியும் உப்புக்காற்றும் இறங்கும். காலையில் மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் சூடான கலவையைக் கொட்டினால் பிடிக்காது. மூன்று மாதத்தில் கொப்புளம் விட்டுப் பெயர்ந்து வரும்.

ஈரம் இருக்கிறதா என்று சொல்ல அந்தப் பன்னிரண்டு பேர் செட்டில் ஒரே ஆள்தான் இருந்தார். பிலவேந்திரன் இடது காலை வெறுங்காலாக ஊன்றி, பத்து எண்ணுகிற நேரம் நிற்பார். குதிகாலில் குளிர் ஏறினால், "நிக்கட்டும், வெயில் வரட்டும்" என்பார். ஏறாவிட்டால், "போடலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் லாரி பின்னால் வரும். இன்ஜினியர் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பார். இருபது வருடம் இப்படித்தான் நடந்தது. ஒரு தரையும் பெயரவில்லை.

நான் அப்போது தொழிற்சங்கத்தில் இருந்தேன். தார் வேலைக்காரர்களுக்கு பூட்ஸ் கேட்டு, கலவை ஆலை வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்தோம். பூட்ஸ் வந்தது. மறு வாரம் வேலை நடக்கிற இடத்துக்குப் போனேன். எல்லோர் காலிலும் பூட்ஸ். பிலவேந்திரன் மட்டும் ஒற்றை பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் நின்றுகொண்டிருந்தார். திட்டினேன்.

"தோழரே, பூட்ஸ் போட்டா தர இன்னா சொல்லுதுன்னு காதுல விழல" என்றார்.

ரோலர் ஓட்டுகிற அரிகிருஷ்ணன் சிரித்தான். "அண்ணனுக்குக் காது கால்ல இருக்குது தோழரே. அதான் வூட்ல அண்ணி பேசறது ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

அண்ணி என்றது ஜோசப்பினை. பிலவேந்திரனின் மனைவி. அதே செட்டில்தான் அவருக்கும் வேலை. ரோலர் சக்கரத்தில் தார் ஒட்டாமல் இருக்க, கூடவே நடந்து குடத்திலிருந்து தண்ணீர் விடுவார்.

பிலவேந்திரனுக்கு சர்க்கரை வந்தது. ஒருநாள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, அவர் உள்ளங்காலில் ஓர் ஆணி ஏறியிருப்பதை ஜோசப்பின் பார்த்தார். ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இன்னாயா இது? கால்ல ஆணி இருக்குது, நீ பாட்டுக்கு டீ குடிக்கிற."

அவர் அடுத்த வீட்டுக்காரன் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம். ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "கொஞ்ச நாளாவே அப்பிடித்தான் ஜோசப்பு. யார்கிட்டயும் சொல்லாத" என்றாராம்.

அவருக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. கால் செத்துப்போனது தெரிந்தால் அவரும் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான். அதுவும் சர்க்கரைக்காரர். மேஸ்திரி சுந்தரமூர்த்தி வீட்டில் இருந்து ஓய்வெடு என்று பக்குவமாகச் சொல்லிவிடுவார். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. வேறு எங்கேயும் அவர் வார்த்தைக்கு யாரும் காத்திருந்ததில்லை. அந்தத் தரையில் மட்டும் லாரி காத்திருந்தது.

ஜோசப்பின் சொல்லவில்லை. வேறொன்று செய்தார். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்போல, பூட்ஸ் மாட்டுவதற்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு, புருஷனுக்கு முன்னால் தரையைக் குறுக்கே கடந்து போவார். காலில் குளிர் ஏறி ஈரம் தெரிந்தால் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொள்வார். காய்ந்திருந்தால் போட மாட்டார். பிலவேந்திரன் அதைப் பார்த்துவிட்டு, பிறகு போய்க் காலை ஊன்றி, பத்து எண்ணி, சொல்வார். இரண்டு வருடம். மற்ற பத்துப் பேருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

"புருசன் கால் வெக்கறதுக்கு முன்னாடி பொண்டாட்டி ஆசீர்வாதம் பண்றாங்கடா" என்று அரிகிருஷ்ணன் கிண்டல் செய்வான். இருவரும் சிரிப்பார்கள்.

போன வருடம் கார்த்திகையில் மகள் விமலாவுக்குப் பிரசவ வலி எடுத்து, ஜோசப்பின் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைக்கு ஒரு புது ஓட்டலின் முன்வாசலில் வேலை. லாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. ஜோசப்பின் போனில் சொன்னார்: "காய்ச்சல்னு சொல்லிட்டு படுத்துக்க. நான் இல்லாம போவாத."

"போவல" என்றார் பிலவேந்திரன். போனார்.

ஏன் போனார் என்று பிறகு அவரிடமே கேட்டேன். "நான் வரலைன்னா வேற ஒருத்தன் கால வெப்பான் தோழரே. அவனும் சரியா சொல்லிட்டான்னா?" என்றார்.

காலை எட்டு மணி. பூட்ஸைக் கழற்றினார். காலை ஊன்றினார். எதுவும் தெரியவில்லை. பத்து எண்ணுகிற நேரம் போய், இருபது, முப்பது என்று நின்றார். அண்ணன் இன்றைக்குக் கூடுதல் கவனமாகப் பார்க்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். குனிந்து கையை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் குனியவில்லை. இருபது வருடமாகக் காலால் சொன்ன ஆள் கையை வைத்தால், கால் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

"போடலாம்" என்றார்.

தார் தெளித்தார்கள். லாரி பின்னால் வந்து கொட்டியது. அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சூட்டுப்புகை எது, ஈரம் வெந்து வருகிற ஆவி எது என்பது தார் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பிலவேந்திரனைப் பார்த்தார்கள். சுந்தரமூர்த்தி மட்டும், "இன்னா பிலவேந்திரா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பிலவேந்திரன் கலவை வாரியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். பரவிய கலவையை வெளியே இழுக்கத் தொடங்கினார். தப்பைத் தானே வாரிக் கொட்டிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. கணுக்கால் ஆழம் கலவை. கை பொறுக்காத சூடு. நான்கைந்து இழுப்பு இழுத்திருப்பார்.

"அண்ணே, காலு" என்றான் அரிகிருஷ்ணன்.

"எது?"

"காலுண்ணே. உன் காலு."

குனிந்து பார்த்தார். இடது பூட்ஸ் ஓரத்தில் கழற்றி வைத்த இடத்திலேயே இருந்தது. பூட்ஸ் போட மறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள். அது மறதி இல்லை. பூட்ஸ் இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் காலுக்குத் தெரியாது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஜோசப்பின் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பேரன் பிறந்ததைச் சொல்ல நேரமே இல்லாமல், மூன்றாம் நாள்தான் சொன்னாராம். நான் நிவாரணம் கேட்டு மனு எழுதினேன். கான்ட்ராக்டர் தரப்பிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: வழங்கப்பட்ட பாதுகாப்புக் காலணியைத் தொழிலாளி தாமே கழற்றிவிட்டார். நாங்கள் பதினோரு நாள் உட்கார்ந்து வாங்கிய பூட்ஸ்.

அதன்பிறகு சுந்தரமூர்த்தி வீட்டுக்கு வந்து ஜோசப்பினை வாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "முந்தானையப் போட்டது அதுக்குத்தானா? ரெண்டு வருசமா நீதானாம்மா பாத்து சொன்ன?" ஜோசப்பின் தலையசைத்தார். "அப்ப நீயே வந்து சொல்லு. செட்டு நிக்குது."

அடுப்பு எரிய வேண்டும். போனார். புருஷனிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. இப்போதும் அவர்தான் காலை ஊன்றிச் சொல்கிறார். லாரி அவர் வார்த்தைக்குக் காத்திருக்கிறது.

பிலவேந்திரன் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு அவரைப் பார்க்கப் போனேன். வலது காலிலும் புண் வந்திருந்தது. பாதி உடம்பாகியிருந்தார். ஜோசப்பின் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஈரத்தப் பாக்க மிஷின் வந்துட்டுதாமே தோழரே" என்றார் பிலவேந்திரன். "ஜோசப்பு சொன்னா. தரையில வெச்சா நம்பர் காட்டுதாம். நீங்க பாத்தீங்களா?"

அந்த செட்டுக்கு எந்த மிஷினும் வரவில்லை. ஜோசப்பின் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தேன்" என்றேன்.

"சரியா சொல்லுதா?"

"சொல்லுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் கொஞ்சம் இளகியது.

"நல்லதுதான். மிஷின் எதையும் மறைக்காது."

ஜோசப்பின் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை.