கழுத்து நிமிர்ந்த வாரம்

மகளுக்கு நான்கு மாதம் முடிந்தபோது கிளினிக்கில் டொக்டர் அவளைக் கட்டிலில் குப்புறக் கிடத்தினார். கன்னத்தை விரிப்பில் ஒட்டிக்கொண்டு அழுதாளே தவிர, தலை எழும்பவில்லை.

"எந்த நேரமும் கையிலையும் ஏணையிலையும் வைச்சிருக்கிறியள் போலை. முழிச்சிருக்கேக்கை பாயிலை குப்புறப் போடுங்கோ, ஆள் கிட்ட இருக்கவேணும். கழுத்தும் தோளும் உரம் வைச்சால்தான் உடம்பு பிரட்டுவா, தவழுவா. அடுத்த முறையும் இப்பிடி எண்டால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவன்."

எங்கள் குடும்பத்தில் படித்துக் கந்தோர் உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அண்ணைமாரும் மயிலிட்டியில் கடலுக்குப் போகிறவர்கள். டொக்டர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் மறுகேள்வி கேட்டேன். வீட்டுக்கு வந்தும் போனில் தேடித் தேடி வாசித்தேன். ஆனால் எனக்கு வேலை முல்லைத்தீவில். திங்கள் விடிய பஸ் ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் புத்தூரில் மனைவி வீட்டுக்குத் திரும்புவேன்.

"ஒவ்வொரு நாளும் பாயிலை போட்டு ஒரு வீடியோ எடுத்து அனுப்பும்," என்று மனைவியிடம் சொன்னேன். "தலை எவ்வளவு எழும்புது எண்டு பாக்கவேணும்."

"ஓம், அனுப்பிறன்."

பக்கத்தில் நின்ற மனைவியின் அக்கா சிரித்தார். "என்ன தம்பி, கந்தோரிலை வரவுக்குக் கையெழுத்து வைக்கிற மாதிரியோ?"

திங்கள் பின்னேரம் முதல் வீடியோ வந்தது. மஞ்சள் சட்டை. மூக்கு மட்டும் பாயை விட்டு எழும்பியிருந்தது. செவ்வாய் சிவப்புச் சட்டை, நாடி எழும்பியிருந்தது. புதன் இன்னும் கொஞ்சம். வியாழக்கிழமை பூப்போட்ட வெள்ளைச் சட்டையில், முழங்கைகளை ஊன்றி, நெஞ்சையே தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கந்தோரில் சத்தத்தை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் காட்டினேன். "உம்மடை மகள் கெதியிலை வந்து எங்களை மேய்ப்பா," என்றார் பக்கத்து மேசைக்காரர். அன்று கன்டீனில் எல்லோருக்கும் வடை என் கணக்கில்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இயர்போனைப் போட்டு நான்கையும் வரிசையாக ஓடவிட்டேன். அப்போதுதான் பின்னால் கேட்ட கோயில் லவுட்ஸ்பீக்கரைக் கவனித்தேன். அந்தத் திங்கட்கிழமைதான் புத்தூர்க் கோயிலில் தேர். எனக்கு லீவு கிடைக்கவில்லை. திங்கள் வீடியோவில் ஒரு தொண்டை கட்டிய குரல் கத்தியது: "கடைசியாச் சொல்லுறம். அந்த நீல மோட்டார் சைக்கிளை எடுக்காட்டி நாங்கள் தூக்கி எறிவம். வடத்தைப் பிடிச்சபடி சனம் நிக்குது!" செவ்வாய் வீடியோவில் அதே குரல், கொஞ்சம் கோபம் குறைவு. வியாழன் வீடியோவில் வலு மரியாதை: "அடியார்களின் கவனத்துக்கு. தேர் வரும் வீதியில் நிற்கும் நீல நிற மோட்டார் சைக்கிளின் உரிமையாளர் தயவுசெய்து அதை அகற்றவும்."

வியாழக்கிழமை ஏது தேர்?

நான்கும் ஒரே காலையில் எடுத்தவை. அதைவிட மோசம், வரிசை தலைகீழ். வெள்ளைச் சட்டை முதல், மஞ்சள் கடைசி. என் மகளின் தலை வாரம் முழுக்க எழும்பிக்கொண்டு வரவில்லை. ஒரு காலைக்குள் களைத்துக் களைத்துக் கீழே போயிருக்கிறது. ஆனையிறவு கடக்கும்வரை போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். எனக்குக் கூசியது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி, "இஞ்சருங்கோ, முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி ஆறுது," என்றாள்.

"அந்த நீல மோட்டார் சைக்கிளை எடுத்தாச்சோ?"

"எந்த மோட்டார் சைக்கிள்?"

வியாழன் வீடியோவைச் சத்தமாகப் போட்டேன். குசினிக்குள் இருந்து அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "ஐயோ தம்பி, அவன் வரவேயில்லை. நாலு பேர் தூக்கித்தான் மதிலோரம் வைச்சவங்கள்!" எங்கள் முகங்களைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மனைவி பாயில் இருந்தாள். மறைக்கவில்லை. அக்கா தேருக்குப் போயிருந்த நேரம், முதல் தடவையே பிள்ளை நெஞ்சைத் தூக்கிவிட, அனுப்புவதற்கு இன்னும் நல்ல வீடியோ வருமென்று திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை பால் கக்க, சட்டை மாற்றியிருக்கிறாள். கடைசித் தடவை பால் மூக்கால் வந்து பிள்ளை மூச்செடுக்கத் திணறியிருக்கிறது.

"அதுக்குப் பிறகு குப்புறப் போட எனக்குக் கை வரேல்லை."

"எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே?"

"எடுத்தால் நீங்கள் விளக்கம் சொல்லுவியள். பால் குடுத்த உடன போடக்கூடாது எண்டுவியள். எனக்கு விளக்கமோ வேணும்? ஆரும் பக்கத்திலை வேணும்."

அந்த விளக்கம்தான் என் வாயில் இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"பயந்தது சரி. அதை ஏன் குறைஞ்சதிலை இருந்து கூடினதுக்கு அடுக்கி அனுப்பினனீர்?"

அவள் பிள்ளையின் காலைத் தடவினாள். "நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு."

பொய்யைவிட அந்தப் பதில்தான் இன்றும் உறுத்துகிறது. நான் எதைப் பார்த்தால் மயங்குவேன் என்று அவளுக்கு அவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தது.

அந்தச் சனியும் ஞாயிறும், பால் செமிக்கும்வரை பொறுத்திருந்து, முதலில் என் நெஞ்சிலும் பிறகு பாயிலும் பிள்ளையைக் கிடத்தினோம். அழ முன்னமே தூக்கினோம். அக்கா பக்கத்தில் இருக்கிறேன் என்றார். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு வீடியோ கேட்கவில்லை. அவளும் அனுப்பவில்லை. பின்னேரத்தில் கோல் எடுத்தால், "போட்டனீரோ?" என்பேன். "போட்டனான்," என்பாள். அதற்குமேல் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது.

அடுத்த கிளினிக்குக்கு லீவு போட்டு வந்தேன். டொக்டர் பிள்ளையைக் குப்புறக் கிடத்தினார். ஒரு கணம் கன்னம் விரிப்பில் கிடந்தது. பிறகு முழங்கைகள் ஊன்றின, தலை ஆடி ஆடி எழும்பியது, நின்றது. அவள் தாயைத் தேடிப் பார்த்தாள்.

"வடிவாச் செய்திருக்கிறியள் அம்மா," என்றார் டொக்டர்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் பிள்ளையின் முழங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டோவில் வரும்போது மெதுவாகக் கேட்டாள். "இப்பவாவது நம்புறியளோ?"

"பிள்ளையை நம்புறன்," என்றேன்.

அவள் வெயில் படாமல் பிள்ளையின் தொப்பியை இழுத்துவிட்டு, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.