ஏற்றத்தில் இறங்கிய முள்

அத்தை வீட்டுக் கிரைண்டர் மோட்டார் புகைந்துபோனதால்தான் எனக்கு ராசாத்தாள் அக்காவைத் தெரியவந்தது. அது தொண்ணூற்றாறாம் வருடம். நாலு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டுத் தாராபுரத்தில் வந்து இறங்கியிருந்தேன். ஒரே ஊரில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஏதாவது வேலை கொடுத்தால் போதும் என்று இருந்த நேரம். மோட்டாரை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, பொள்ளாச்சி சாலையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் கடைக்குப் போனேன்.

உள்ளே ஒரு பெண் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிரித்த மோட்டாரின் இடுக்குகளுக்குள் செம்புக் கம்பிச் சுருளை மூங்கில் சீவலால் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஆள் நீளத்துக்கு ஒரு மர இறக்கை மாட்டியிருந்தது. நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டாற்போல ஒரு வளைவு.

"இதென்னங்க, ஃபேனுங்களா?" என்றேன்.

"ஃபேன்தானுங்க அம்மணி. என்ன, இது சுத்துனா நாம மேல போயிருவோம்" என்றார் தலையை நிமிர்த்தாமல்.

கல்லாவில் இருந்த அவர் கணவர் தம்பிதுரை சிரித்தார். "அவ போவா மேல. நான் கீழ நின்னு அண்ணாந்து பாக்கோணும். எனக்கு எழுதுனது அவ்வளவுதான்."

விளையாட்டாகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். விளையாட்டு இல்லை. ஊருக்குத் தெற்கே அவர்களுடைய மானாவாரிக் காட்டில், கோழி வளர்ப்பதை நிறுத்திய ஒரு நீளக் கொட்டகைக்குள், இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானம் நின்றது. அலுமினியக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை, இருக்கைக்குப் பின்னால் எஞ்சின். வெளிநாட்டிலிருந்து வரைபடம் வரவழைத்து, ஒவ்வொரு குழாயாக வாங்கி, தம்பிதுரை வருடக்கணக்கில் உழைத்துக் கட்டியது. எஞ்சினும் மீட்டர்களும் மட்டும் வெளியே வாங்கியவை. நான் எத்தனையோ விமானங்களில் ஏறி இறங்கியவள். ஆனால் விமானம் என்பது இரண்டு பேர் தங்கள் வீட்டுக் காட்டில் செய்துவிடக்கூடிய ஒன்று என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று அப்போது தெரியவில்லை.

விமானத்தைக் கட்டி முடித்தபோது தம்பிதுரையால் அதை ஓட்ட முடியாமல் போனது. உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம்.

"நாலாம் நாள் சோத்தை முன்னால வெச்சுப்போட்டு, நான் போறேனுங்க, எந்திரிச்சுச் சாப்புடுங்கன்னேன்" என்று ராசாத்தாள் அக்கா சொன்னார். "எங்க மாமியா கேட்டாங்க: ஏம்புள்ள, சைக்கிளே ஓட்டமாட்டே, நீ ஏரோப்ளேன் ஓட்டப் போறியான்னு. சைக்கிளுக்கு ரோட்டுல எதுக்கால லாரி வருமுங்க அத்தே, மேல ஆரு வாரான்னு சொன்னேன்."

மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்து, பிளஸ் டூ முடித்த கையோடு கட்டிக்கொடுக்கப்பட்டவர் அவர். வெளியூர் போய்த் தங்கிப் பறக்கக் கற்று, உரிமம் வாங்கித் திரும்பினார். அதன் பிறகு அவர்களுக்குள் வேலை பிரிந்துவிட்டது. செய்வது தம்பிதுரை, ஓட்டுவது அக்கா. பராமரிப்பை மட்டும் இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள், ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு.

எஞ்சினுக்கு எண்ணெய் கலந்த பெட்ரோல். அதை மெல்லிய தோலில் வடிகட்டித்தான் ஊற்றுவார்கள். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னாலும் அக்கா எஞ்சினின் மர இறக்கையைக் கையால் மெதுவாகச் சுற்றி, எஞ்சின் எங்கே திமிறுகிறது என்று தோளில் உணர்ந்து பார்ப்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். நிறம் பார்க்கும் வேலை என்றைக்கும் அவருடையதுதான்.

எனக்கு வாய் பிளந்துபோனது சூட்டு மீட்டரைப் பார்த்துத்தான். பிளக்குக்கு அடியில் வாஷர் போல ஒரு வளையம். அதில் இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகள் ஒன்றாகச் சேர்கின்றன. அந்த முனை சூடானால் கம்பிகளில் துளி மின்சாரம் பிறக்கிறது. பாட்டரி கிடையாது. அந்தத் துளி ஓட்டுநர் முன்னாலிருக்கும் மீட்டரின் முள்ளைத் தூக்குகிறது. இரும்பின் சூடு தன்னைத் தானே எழுதிக்காட்டுகிறது.

"இந்த முள்ளுதான் கண்ணு எனக்கு உசுரு" என்றார் அக்கா. "இந்த மாதிரி எஞ்சின் சூடு தாங்காம பிஸ்டன் பிடிச்சுக்கிச்சுன்னா, சொல்லாமக் கொள்ளாம நின்னுரும். முள்ளு ஒண்ணுதான் முன்னாலயே சொல்லும்."

ஆடி மாதத்துக்கு முன்னால் அந்த மீட்டரின் கம்பியை எலி பல இடங்களில் கடித்துவிட்டதாம். வளையத்தை ஒட்டி ஒரு சாண் மட்டும் நல்லபடியாக மிஞ்சியிருந்தது. தம்பிதுரை மீதியை அறுத்தெறிந்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே உயர்ந்த செம்புக் கம்பியை அங்கிருந்து மீட்டர் வரைக்கும் இழுத்துப் பற்றவைத்தார். அதே சமயம் எஞ்சினைப் பிரித்துக் கரியெல்லாம் சுரண்டிச் சுத்தமும் செய்தார். அடுத்த முறை பறந்தபோது முள் முன்பைவிட நன்றாகத் தாழ்ந்து நின்றது.

"சுத்தம் பண்ணுனதுக்கு எஞ்சின் எப்படிக் குளுந்து கெடக்குது பாத்தியா" என்று அவர் பெருமைப்பட்டார். அக்காவும் நம்பினார். பிறகு ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் கோழி இறகே நிலத்தில் நிற்காது. விமானம் கொட்டகைக்குள்ளேயே கிடந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் விடிந்ததும் அக்கா என்னைக் கூட்டிப்போனார்.

தரை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியவில்லை. சக்கரத்தின் தடதடப்பு நின்றுவிட்டது, அவ்வளவுதான். கீழே கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள், மேய்ச்சலுக்காகவே விட்ட புல்காடுகள், ஒன்றை ஒன்று ஒட்டிக் கட்டம் கட்டமாக விரிந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் வெள்ளையாக நாலைந்து புள்ளிகள், மாடுகள். அமராவதி ஆறு ஓர் இடத்தில் வெயிலைப் பிடித்துத் திருப்பி அடித்தது. உலகத்தில் பாதியைப் பார்த்துவிட்டதாக நினைத்திருந்தேன். அத்தை வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏறிக்கொண்டே இருந்தோம். அக்கா சட்டென்று என் தொடையில் தட்டி மீட்டரைக் காட்டினார்.

"பாருங்க, முள்ளு இறங்குது!" என்று காதுக்குள் கத்தினார்.

"நல்லதுதானுங்களே?"

"ஏத்தம் ஏறுற மாடு வேர்க்காம இருக்குமா? ஏறும்போது சூடு ஏறோணும். இது இறங்குது. எஞ்சின் சுத்தைக் காட்டுற மீட்டரும் இறங்குது, நான் ஆக்ஸிலேட்டரைக் குறைக்கவே இல்லை. ரெண்டும் ஒண்ணா இறங்கக் கூடாது கண்ணு. இந்த முள்ளு பொய் சொல்லுது."

முகத்தில் பயம் இல்லை. கடையில் கணக்கு உதைத்தால் எப்படிப் புருவத்தைச் சுருக்குவாரோ அப்படிச் சுருக்கினார். அடுத்த கணம் எஞ்சினைத் தணித்து, மூக்கைத் தாழ்த்தி, ஒரு பக்கம் சாய்த்துத் திருப்பினார். கண் கீழே கட்டம் கட்டமாகத் தேடியது. வெள்வேல மரம் இல்லாத ஒரு கொறங்காட்டை விரலால் காட்டினார்.

"அதுல எறங்கிருவோம். எஞ்சின் தானாப் பிடிச்சு நின்னா, நிக்கிற எடத்துல எடம் தேடோணும். நாமளே நிறுத்திப்போட்டா, எடத்தை நாமளே எடுத்துக்கலாம்."

சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தார்.

அந்த அமைதியை நான் எப்படி எழுதுவேன்? முதுகுக்குப் பின்னால் அலறிக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போக, காற்று மட்டும் துணியைத் தடவிக்கொண்டு போனது. கீழே ஒரு நாய் குரைத்தது தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், நிறுத்திய எஞ்சினோடு, ஒரு துணிப்பறவையைக் கையால் பிடித்துத் தரைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். வேலி எங்கள் காலுக்கடியில் கடந்தது. சக்கரம் புல்லில் பட்டு, ஒரு முறை எகிறி, ஓடி நின்றது.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த மயில்சாமி என்பவர் கோலோடு ஓடிவந்தார். "ஏனுங்கம்மணி, இத்தன பெரிய வானத்துல உங்களுக்கு எடம் பத்தலீங்களா? என்ற செவலை மாடு இனி ஒரு வாரத்துக்குப் பால் குடுக்காதுங்க!"

"உங்க மாட்டுக்கு நான் பருத்திக்கொட்டை வாங்கித் தாரனுங்க. சித்தத் தண்ணி குடுங்க" என்றார் அக்கா. கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

நாங்கள் இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தம்பிதுரை மொபெட்டில் வந்து சேர்ந்தார். வேலிப் படலை மூடாமல், மயில்சாமி திட்டியதும் காதில் விழாமல் ஓடிவந்து, முதலில் அக்காவின் தோளைத் தொட்டார், பிறகு எஞ்சினைத் திறந்தார். தீய்ந்த வாடை அடித்தது. எஞ்சின் மேல் காற்றைச் செலுத்தும் தகரக் கூட்டுக்குள், ஆடி மாதம் முழுக்கச் சும்மா நின்றபோது எலி கட்டிய கூடு. வைக்கோலும் கோழி இறகும் காற்றுப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தன. ஓரம் கருகியிருந்தது.

"வெளிய எல்லாம் பாத்தேன். இதைக் கழட்டிப் பாக்காம உட்டுட்டேனே" என்றார் தம்பிதுரை.

அக்கா கம்பியைத் தடவிக்கொண்டே போனவர், செம்புக் கம்பி பற்றவைத்த இடத்தில் 'ஸ்ஸ்' என்று விரலை உதறினார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிதுரை ஒரே பேச்சாகப் பேசினார். "எஞ்சினை வித்துப்போடறேன். இனி நீ மேல போக வேண்டாம் ராசாத்தா. என்ற கையால கட்டுனது உன்னைக் கீழ தள்ளியிருக்கும்."

"எஞ்சின் என்னுங்க பண்ணுச்சு? முள்ளு ஏன் பொய் சொல்லுச்சுன்னு பாக்க வேண்டாமா? அது தெரியாம நான் மேல போகமாட்டேன். அது தெரிஞ்சா, நீங்க தடுத்தாலும் போவேன்."

விமானத்திலிருந்து மீட்டரையும் கம்பியையும் வளையத்தையும் அப்படியே கழற்றிவந்து முற்றத்து அடுப்பருகே வைத்தார்கள். குண்டாவில் தண்ணீர் கொதித்தது. தம்பிதுரை வளையத்தை அதற்குள் விட்டார். முள் எழுந்து நூறுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பாத்துக்கோ. மீட்டர் நெசந்தான் சொல்லுது. கம்பியும் சுத்தச் செம்பு. இதுக்கு மேல ஒசந்த கம்பி கோயமுத்தூர்லயே கெடையாது."

அக்கா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "அந்தப் பத்தவெச்ச எடத்தையும் உள்ள உடுங்க."

"அது எதுக்கு?"

"மேல போனா அதுவும்தான் வேகுது. என்ற விரலைக் கேளுங்க."

பற்றவைத்த இடத்தைப் பாலிதீன் பையில் சுற்றி, வளையத்தோடு அதையும் கொதிநீருக்குள் இறக்கினார். முள் இறங்கத் தொடங்கியது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முள் இறங்குகிறது. இறங்கி, இறங்கி, முற்றத்துக் காற்றின் சூட்டைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

தம்பிதுரை பற்றவைத்த இடத்தை வெளியே எடுத்தார். முள் எழுந்தது. மறுபடி விட்டார். படுத்தது.

"அப்ப இது சூட்டைக் காட்டலை" என்றார் மெதுவாக. "சூட்டுக்கும் சூட்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைக் காட்டுது. ரெண்டு வேற வேற கம்பி மீட்டர் வரைக்கும் போயிருந்தா, அதுங்க கடைசி முனை மீட்டர்கிட்ட குளுந்து இருந்திருக்கும். நான் அதைக் கொண்டுபோய் எஞ்சினுக்குப் பக்கத்துல முடிச்சுப்போட்டேன். எஞ்சின் வேக வேக, முடிச்சும் வேகும். முள்ளு குளுந்துருச்சுங்கும்." கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "நல்ல கம்பின்னு நெனச்சுத்தான் போட்டேன் ராசாத்தா" என்றார்.

"அது தெரியாதுங்களா எனக்கு? செம்பைக் கண்டா உங்களுக்குப் பொண்டாட்டியே ரெண்டாம் பட்சம்" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தார்.

கோயமுத்தூரில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்குச் சூடு பார்க்கும் கம்பி விற்கிற கடை ஒன்று இருந்தது. வளையத்தில் இருக்கும் அதே இரண்டு உலோகங்களில், முழு நீளத்துக்கு, வாங்கிவந்தார் தம்பிதுரை. எலிக் கூட்டைப் பிடுங்கி, காற்று வருகிற வாய்க்குக் கம்பிவலை அடித்தார். பிஸ்டனை எடுத்துக் கீறல் இருக்கிறதா என்று அக்காவிடம் காட்டினார். இருந்தது, மெல்லியதாக. புதுசு மாற்றினார்கள்.

மறுபடி பறந்த அன்று நான் கீழே அவரோடு நின்றேன். அவர் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சத்தம் சிறுத்து, சுற்றி, பெருத்து, விமானம் இறங்கி எங்கள் பக்கம் வந்து நின்றது. எஞ்சின் அணையும் முன்னாலேயே ஓடினார்.

"ஏத்தத்துல எவ்வளவு காட்டுச்சு?"

"சிவப்புக்கோட்டுக்குக் கிட்ட போயிருச்சுங்க. எனக்கு நெஞ்சு பக்குனு ஆயிப்போச்சு."

"அப்புறம்?"

"மூக்கைத் தாழ்த்தினேன். சித்த நேரத்துல முள்ளும் இறங்குச்சு. தூக்கினேன், ஏறுச்சு. சொன்னபடி கேக்குதுங்க."

தம்பிதுரை மீட்டரின் கண்ணாடி மேல் படிந்திருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். துடைத்து முடித்தும் விரலை எடுக்கவில்லை.

"பெட்ரோல் மீதி இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க."

"அப்ப இன்னொருக்கா ஏத்திப் பாரு."