அரசன் வேடம் முதலியாருக்கு

இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று கொட்டாஞ்சேனையில் டிராம் ஏறினேன். எங்கள் வெள்ளவத்தை வாசிகசாலைச் செயலாளர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"மாஸ்டர், கிரேக்க நாடகத்தில ராசா வேஷம் முதலியாருக்குத்தான். திரைச்சீலை தந்தவர் அவரெல்லோ! நீங்க இந்த முறையும் தூதன்தான்."

அந்த நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவனே நான்தான்.

"கிரேக்க நாயகன் உச்சியில இருந்து தன்ர பிழையால விழவேணும். முதலியாருக்கு வருமோ?"

"விழுறதுக்கு நீங்க முதல்ல மேல ஏறியிருக்க வேணுமே, மாஸ்டர்!"

டிராமே சிரித்தது.

சிரிக்கட்டும். கிரேக்க நாடகத்தில் அரசன் மேடைக்குப் பின்னால்தான் சாவான். எப்படிச் செத்தான் என்று சபைக்கு வந்து சொல்பவன் தூதன். முதலியாரை எவ்வளவு மெதுவாகக் கொல்லலாம், சொல்லுங்கள் நண்பர்களே.

வாசிகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். வெள்ளவத்தையில் கிரேக்கம் படித்தவன் வேறு யாருமில்லை. ஆகவே பெயர் போடவில்லை.