ஏரிக்கொட்டாய்க்குப் போகாத பஸ்

ஏரிக்கொட்டாய்க்குப் பஸ் போகாமல் போனதற்கு நான்தான் காரணம். அந்தப் பழி அறுபது வருஷமாக வேறொருவர் தலையில் இருந்தது. அதை அவர் தலையிலிருந்து இறக்க எனக்கு எழுபது வயது ஆகவேண்டியிருந்தது.

ஓசூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸின் தடம் மிகச் சிறியது. பஸ் நிலையத்தில் சூடாக வாங்கிய போண்டா ஆறுவதற்குள் ஊர் வந்துவிடும். இன்று வழி நெடுகத் தொழிற்சாலைகளும் ரோஜாப் பண்ணைகளும் இருக்கின்றன. நான் சிறுவனாக இருந்தபோது ராகிக் காடும் பாறையும்தான். எங்கள் ஊரைத் தாண்டி ஏரிக்கரைமேல் ஒரு மண்பாதை போகும். அதன் முடிவில் இருந்த சிற்றூர்தான் ஏரிக்கொட்டாய். அங்கே பாதிப்பேர் வீட்டுக்குள் தெலுங்கு பேசினார்கள், சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

பஸ் விடப்போகிறார்கள் என்ற சேதி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கொட்டாய் வரை போவதாகத்தான் முதலில் பேச்சு. வழியிலுள்ள ஊர்களுக்குச் சாலை இருந்தால் போதும். கடைசி ஊருக்கு மட்டும் வண்டி திரும்ப இடமும் வேண்டும். கொட்டாய்க்காரர்கள் ஏரிக்குக் கீழே ஒரு திடலை ஒதுக்கி, குடும்பம் குடும்பமாகக் கூடையில் சரளை சுமந்து கொட்டிச் சமன்படுத்தினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை மடை மடையாகத் திறந்து எல்லோர் வயலுக்கும் பங்கிட்டு விடுவது அவர் பொறுப்பு. அறுவடைக்கு அறுவடை ஊரார் தரும் நெல்தான் கூலி. அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். எப்போதும் அவள் முதலாவது, நான் இரண்டாவது. பஸ் வந்ததும் மகளை ஓசூர் ஹைஸ்கூலில் சேர்க்கப்போவதாக அவர் கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

எங்கள் ஊரில் இது யாருக்கும் பிடிக்கவில்லை. பஸ்ஸின் நெற்றிப் பலகையில் கடைசி ஊரின் பெயரைத்தான் எழுதுவார்கள். எங்கள் ஊர் பெரிது, பள்ளிக்கூடமும் எங்களிடம்தான் இருந்தது. அப்படியிருக்க, எங்கள் தெரு வழியாகக் கொட்டாயின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு வண்டி போவதா என்று பெரியவர்கள் புழுங்கினார்கள். சித்தப்பாவுக்குக் கூடுதல் வருத்தம். பஸ் நின்று திரும்பும் இடத்தில் டீக்கடை போட அவர் திட்டமிட்டிருந்தார்.

வண்டியை விட்டுச் சோதித்துப் பார்க்க அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மாலை, சித்தப்பா பாக்கு சீவிக்கொண்டே கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தத் திடல்ல கொஞ்சம் ஈரம் நின்னாப் போதும். வண்டி திரும்பவே திரும்பாது."

என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் போவதும் இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவதாகச் சொல்லிவிட்டு மண்வெட்டியுடன் கிளம்பினேன். எங்கள் வயல் அந்தத் திடலை ஒட்டி இருந்தது. திடல் பக்கம் இருந்த மடையை நீர்க்கட்டி மண்ணும் கல்லும் வைத்து நன்றாக அடைத்திருந்தார். அதைக் கொத்தித் திறந்துவிட்டு வந்தேன். தண்ணீர் சத்தமில்லாமல் சரளைக்கு அடியில் இறங்கியது.

பஸ் மாலையும் சந்தனமுமாக வந்தது. எங்கள் ஊரே பின்னால் நடந்துபோய் வேடிக்கை பார்த்தது. டிரைவர் திடலில் இறங்கி வளைத்தார். பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. கொட்டாய்க்காரர்களே மாடு பூட்டி வண்டியை இழுத்தார்கள். டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் சொன்னார்.

"இங்க ஆவாதுங்க. இன்னிக்கு மாடு இருக்குது. தெனமும் யாரு இழுப்பாங்க?"

திரும்ப வழியில்லாமல் அந்த பஸ் ஏரிக்கரை முழுக்கப் பின்பக்கமாகவே வந்தது. கண்டக்டர் அதற்குப் பின்னால் நடந்து, விசில் ஊதிக்கொண்டு, "வரட்டும், பர்லி, ரானீ" என்று மூன்று பாஷையிலும் வழி காட்டினார். நாங்கள் கைதட்டினோம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அது சுலபமாகத் திரும்பியது. அந்த வாரமே பலகையில் எங்கள் ஊர்ப் பெயர் ஏறியது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அதைப் படிக்கச் சொன்னார். உரக்கப் படித்தேன். ஓர் ஊரையே ஜெயிக்க வைத்தவன் என்ற நினைப்பில் பல நாள் நான் தரையில் நடக்கவில்லை.

நீர்க்கட்டி கொஞ்ச காலம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "பொழுதோட நானே அடைச்சேனுங்க. என் கையாலதான் அடைச்சேன்." யாரும் நம்பவில்லை. நீர்க்கட்டி தூங்கிவிட்டான், ஊர் கெட்டது என்று அவருடைய ஆட்களே பேசினார்கள். அடுத்த அறுவடைக்குள் மடைப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனது. நீர்க்கட்டி கல்குவாரி வேலைக்குப் போனார். அவர் மகளும் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டு அப்பாவுடன் கல் உடைக்கப் போனாள். அந்த வருஷம் வகுப்பில் நான் முதலாவதாக வந்தேன். வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் நன்றாகப் படித்ததால்தான் என்று நானும் நம்பினேன்.

அதே பஸ்ஸில் ஹைஸ்கூல் போனேன், கல்லூரிக்குப் போனேன். பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயராகி ஓய்வும் பெற்றேன். மூன்று நடை ஓடிக்கொண்டிருந்த வண்டி, தொழிற்சாலைகள் வந்ததும் அவற்றின் ஷிப்ட் நேரத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. கொட்டாய்க்காரர்கள் மட்டும் ஏரிக்கரையில் நடந்துவந்துதான் அதைப் பிடித்தார்கள். விடியற்காலை வண்டிக்குக் கரைமேல் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் நல்ல கண்டக்டர்கள் காத்திருப்பார்கள். நான் உள்ளே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீர்க்கட்டி இறந்த சேதியும் அந்த பஸ்ஸில்தான் என் காதில் விழுந்தது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

சமீபத்தில் ஏரிக்கரைப் பாதைக்குத் தார் போட்டார்கள். கொட்டாய்க்காரர்கள் மறுபடி பஸ் கேட்டார்கள். அதிகாரிகள் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார்கள்: வண்டி எங்கே திரும்பும்? பழைய திடலில் வீடுகள் வந்துவிட்டன. சுற்றிலும் மனைகளுக்குக் கல் நட்டாயிற்று. மிச்சம் இருந்தது எங்கள் வயலின் மூலை ஒன்றுதான்.

"அதுதாம்ப்பா ரோட்டு முகம். அதக் குடுத்துட்டா மீதிய வெச்சு என்ன பண்றது?" என்றான் மகன். அவன் கேட்டது நியாயம்தான். அவனிடம்தான் முதன்முதலில் நடந்ததைச் சொன்னேன். பத்திரத்தில் சாட்சியாக அவனே கையெழுத்துப் போட்டான். அந்த மூலை பஞ்சாயத்துக்குப் போனது.

பஸ் வந்த நாளில் கொட்டாய்க்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். மேளம் அடித்தார்கள். அந்த மாலையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கழற்றி பஸ்ஸின் முன்னால் வைத்துவிட்டு, அன்று மடையைத் திறந்தது நான்தான், நீர்க்கட்டி ஒரு தவறும் செய்யவில்லை என்று சொன்னேன். மேளம் நின்றது. கூட்டத்திலிருந்து அவர் மகள் முன்னால் வந்தாள். என் வயதுதான். கல் உடைத்துக் காய்த்த கை.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னேன்.

"தெலுங்குலயும் சொல்லுங்க. எங்கப்பாவப் பேசினவங்க தெலுங்குலதான் பேசினாங்க."

எனக்குத் தெரிந்த தெலுங்கில், தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அந்தக் காலத்து ஆட்களில் மிஞ்சியிருந்த கிழவர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் எதிரே போய் நின்றார். அவள் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"மன்னிச்சுட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். அத அவருதான் சொல்லணும். வண்டிக்கு நேரமாவுது, ஏறுங்க."

முதல் ஆளாக அவள்தான் ஏறினாள். டிரைவர் ஒரே வீச்சில், ஒருமுறைகூடப் பின்னால் எடுக்காமல், முழு வட்டமாக வளைத்தார். ஏரிக்கொட்டாயின் பெயரை நெற்றியில் தாங்கி பஸ் எங்கள் தெருவுக்குள் போனபோது மேளக்காரர்கள் கூரைமேல் உட்கார்ந்து அடித்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள்.

இப்போது அந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் புதுக் கண்டக்டர் ஒருவர் வந்தார். வண்டி திரும்ப இவ்வளவு பெரிய இடம் யார் விட்டது என்று கேட்டார். ஹைஸ்கூல் சீருடையில் இருந்த ஒரு பெண், நீர்க்கட்டி மகளின் பேத்தி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீர்க்கட்டி தூங்கவேயில்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள். மடையைத் திறந்தவர் அதோ உட்கார்ந்திருக்கிறார் என்று என்னைக் காட்டினாள்.

"ஏன் அப்படிப் பண்ணாராம்?" என்றார் கண்டக்டர்.

"சின்னப் பையனாம். பஸ்ஸு மட்டுந்தான் நின்னுபோவும்னு நெனச்சாராம்."